போட்டோ எடுக்கும்போது வாசிச்சது

மேல் வீட்டுல குடியிருக்கிற நெல்லைக்காரப் பொண்ணு ஒரு நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து உக்காந்துச்சு. ஐ.டி. கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமையானா சமையல் வீடியோ எடுத்துப் போடும். மூலையில துணி போத்தி வெச்சிருந்த கீபோர்டைப் பாத்துட்டு, "அண்ணே, நீங்க கச்சேரியில வாசிக்கீங்கள்லா? உங்க சொந்த டியூன் ஒண்ணு வாசிங்களேன், கேப்போம்"னு சொல்லுச்சு.

இவ்ளோதானேன்னு துணியை உருவிட்டு உக்காந்தேன். கண்ணை மூடிக்கிட்டு, பெரிய வித்வான் மாதிரி தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, எதையோ ஒண்ணை இழுத்துவிட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. நாலு வரி போயிருக்கும். சமையல்கட்டுல இருந்து என் வீட்டுக்காரி அஞ்சாவது வரியைப் பாடுறா! வார்த்தையோட. சினிமாப் பாட்டு. மேல் வீட்டுப் பொண்ணு துப்பட்டாவை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்கப் பாக்குது, முடியல.

"இன்னாத்துக்கு இப்போ பாடுற?"னு உள்ளே பாத்துக் கத்தினேன்.

"நீ ஆரம்பிச்சுட்டு நடுவுல நிறுத்திட்ட. யாராச்சும் முடிக்க வாணாமா?"ன்னா.

வேற ஒண்ணு வாசிச்சேன். அதுக்கும் அடுத்த வரி உள்ளேர்ந்து வந்துச்சு. இன்னொண்ணு. அதுக்கு வரி வரல, பாட்டுல வர்ற விசில் வந்துச்சு. கீபோர்டு மேல துணியைப் போத்திட்டு, "டீ குடிச்சுட்டுப் போம்மா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?

நான் கள்ளிக்குப்பத்துல பொறந்து வளந்தவன். பத்து இருவது வருஷமா ஒரு லைட் மியூசிக் ட்ரூப்புல கீபோர்டு. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காதுகுத்து, எதுவானாலும் போவோம். ட்ரூப்பை நடத்துறவர் பூந்தமல்லிக்காரர், நாங்க பாய்னுதான் கூப்பிடுவோம். ட்ரம்ஸ் அவருதான், ஸ்பீக்கர் பொட்டியும் அவருதுதான். பாய்கிட்ட ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ரெக்கார்டுல எப்பிடியோ அப்பிடி. ரெக்கார்டுல புல்லாங்குழல்காரர் நடுவுல மூச்சு வாங்கினார்னா, நானும் அங்க மூச்சு வாங்கணும். கூட ஒரு சங்கதி போட்டேன்னு வைங்க, பின்னாடியிருந்து ட்ரம்ஸ் குச்சி முதுகுல குத்தும். அதனால சொந்த டியூன்னு ஒண்ணை யாரும் என்கிட்ட கேட்டதும் இல்ல, நானும் யோசிச்சதில்ல. அந்தப் பொண்ணு டீ குடிச்சுட்டுப் போயிடுச்சு. கேள்வி மட்டும் போகல. இத்தனை வருஷம் வாசிச்சியே, உன்னுதுன்னு ஒண்ணாவது உள்ளே இருக்கா, இல்ல வெறும் அடுத்தவன் சரக்குதானாடா? சத்தியமா பயமா இருந்துச்சு.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணே ஒரு வழி சொல்லுச்சு. அது வீடியோவுல கீரை மசியும்போது பின்னாடி மெதுவா ஒரு மியூசிக் ஓடும். அதெல்லாம் மியூசிக் லைப்ரரியில இருந்து எடுக்கிறதாம். லைப்ரரின்னதும் எனக்கு சத்தம் போட்டா முறைக்கிற லைப்ரரிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. இது வேறயாம். "நம்ம அனுப்புனா அவங்க கேட்டுப் பாத்து எடுத்துக்கிடுவாங்கண்ணே. பொறவு விளம்பரம் எடுக்கவங்க, வீடியோ எடுக்கவங்க, யாருக்கு எது பிடிச்சுருக்கோ அதைப் போட்டுக்கிடுவாங்க. ஆனா ஒண்ணு. முழுக்க உங்களுதா இருக்கணும். என்னோடதுதான்னு உறுதி குடுக்கணும்."

கேட்டாங்களே, அதைக் கேட்டாங்களே!

ஆடி மாசம் வேற. கல்யாணம் கிடையாது. ஞாயித்துக்கிழமை அம்மன் கோயில் கச்சேரியை விட்டா, மத்த நாளெல்லாம் வீட்டுல சும்மா. ஒரு பழைய லேப்டாப்பைப் புடிச்சேன். கீபோர்டுல இருந்து நேரா அதுக்கு ஒரு ஒயர். ஒயர் வழியாப் போறதால தெருவுல தண்ணி லாரி ஹாரன் அடிச்சாலும், கூழ் ஊத்துற இடத்துல ஸ்பீக்கர் அலறினாலும் ரெக்கார்டிங்குல வராது. எல்லாம் சரியா இருந்துச்சு, டியூன் ஒண்ணைத் தவிர.

என் வீட்டுக்காரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு சட்டை கம்பெனியில செக்கிங் வேலை. தெச்சு வர்ற சட்டையை உள்பக்கம் திருப்பி, காலர் கோணலா இருக்கா, காஜாவுல பிசிறு இருக்கான்னு நகத்தால தடவிப் பாத்து, குறை இருந்தா ரிஜெக்ட் பொட்டியில வீசுறவ. வீட்டுக்கு வந்தாலும் அந்த நகம் சும்மா இருக்காது. நான் ஹால்ல வாசிப்பேன். அவ உள்ளே வெங்காயம் நறுக்கிக்கிட்டே அடுத்த வரியைப் பாடிடுவா. ரிஜெக்ட்.

ஒரு தரம் நான் உஷாராயிட்டேன். வேகத்தை ரெண்டு மடங்காக்கி வாசிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஜெயிச்சுட்டோம்டான்னு நினைக்கிறேன், அதே வேகத்துல பாடிக்கிட்டே வெளிய வர்றா, கையில முறம்.

"யோவ், பேண்ட்டை மடிச்சு உட்டா டவுசர் ஆயிடுமா?"

எனக்கு வந்த கோவத்துல அன்னிக்குச் சாப்பிட மாட்டேன்னுட்டேன். வஞ்சிரம் கொழம்பு. அவ கெஞ்சவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூடி வெச்சுட்டு டிவி பாக்கப் போயிட்டா. நாலு மணிக்கு நானே போய் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்காம, "உப்பு சரியாக் கீதா?"ன்னு கேக்குறா. இந்தப் பொம்பளையோட எப்பிடித்தான் குடித்தனம் பண்றது, சொல்லுங்க.

அப்புறம் ரோஷத்துல ஒரு வேலை பண்ணேன். எந்த சுரத்துக்கு அப்புறம் எது வரணும்னு விரல் ஆசைப்படுதோ, அதை விட்டுட்டு வேற ஏதாவது ஒண்ணைத் தட்டறது. இதுக்கு எவனும் அடுத்த வரி பாட முடியாதில்ல? அவளால பாட முடியலதான். வெளிய வந்து, "மிக்ஸில கரண்டி மாட்டிக்கிச்சா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனா. பாட்டு இல்லைன்னு அவளே ஒத்துக்கிட்டா, அது போதும்னு அதையும், அதே சாயல்ல இன்னும் கொஞ்சத்தையும் அந்த லைப்ரரிக்கு அனுப்பிட்டேன்.

பதில் வந்துச்சு. இங்கிலீஷ். மேல் வீட்டுப் பொண்ணு போனைக் கையில வெச்சுக்கிட்டு, என் மூஞ்சைப் பாக்காம தமிழ்ல சொல்லுச்சு. "கோவப்படப்பிடாது, என்ன? உங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரியுதுன்னு சொல்லிருக்காங்க. ஆனா இது ஓடும்போது யாரும் இதுக்கு மேல பேச முடியாதாம், இதுவே கூடக் கூடப் பேசிட்டு இருக்காம். பொறவு... எல்லாமே யாரோ வரதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காப்ல இருக்காம். கடைசி வரைக்கும் யாரும் வரலையாம். முடிவே இல்லியாம்."

"வருவாங்கம்மா!"ன்னு கத்திட்டேன். "பொண்ணு மாப்பிள்ளை வருவாங்க!"

அதுக்குப் புரியல. புரியவும் வாய்ப்பில்ல. ரிசப்ஷன்ல எங்க பொழப்பே காத்திருக்கிறதுதான். பொண்ணு பியூட்டி பார்லர்ல இருந்து இன்னும் வந்திருக்காது. மாப்பிள்ளை வாசல்ல நிப்பார், மாமா கோட்டைத் தேடிக்கிட்டு இருப்பார். நாங்க மேடையில ஒரு வரவேற்பு மியூசிக்கை ஆரம்பிச்சு, அதையே மடக்கி மடக்கி வாசிச்சுக்கிட்டு இருக்கணும். ஜோடி மேடை ஏறுற நேரம் பாய் கையைத் தூக்குவார். அப்போதான் நிறுத்தணும். பாய் கை தூக்காம நான் என் வாழ்க்கையில எதையுமே முடிச்சதில்ல. வீட்டுல உக்காந்து வாசிச்சப்பவும் என் விரல் அந்தக் கைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதை எங்கியோ கண்காணாத ஊர்ல ஒருத்தர் கண்டுபுடிச்சு எழுதிட்டார். எனக்கு ஆத்திரமும் வந்துச்சு, அசந்தும் போனேன்.

சரி, இது நமக்கு ஆவாதுன்னு முடிவு பண்ணிட்டேன். சும்மா இருந்தவனைக் கிளப்பிவிட்டு, கடைசியில உன்கிட்ட ஒண்ணும் இல்லடான்னு தெரிஞ்சதுதான் மிச்சம். ஒயரைக் கழட்டி வெச்சுடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். திறந்தா அது ஏதோ அப்டேட்டு போட்டுக்கிட்டு, ஆஃப் பண்ணாதேன்னு மிரட்டுது. அது முடியற வரைக்கும் என்ன பண்றது? கை சும்மா இருக்காது. கீபோர்டுல தடவிக்கிட்டு இருந்தேன். மனசு அங்க இல்ல. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உறைச்சுது, சமையல்கட்டுல இருந்து சத்தமே இல்ல. அவ இருக்காளா, கடைக்குப் போயிட்டாளான்னு எட்டிப் பாத்தேன். தரையில உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கா.

"ஏன் பாடல?"ன்னேன்.

"பாட்டு இருந்தாத்தானே பாடறதுக்கு?"

"இப்போ நான் வாசிச்சது?"

"அது போட்டோ எடுக்கச்சொல்ல வாசிப்பியே, அது."

ரிசப்ஷன்ல பாட்டெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு நேரம் இருக்கு. பாடறவங்க சாப்பிடப் போயிடுவாங்க, பாயும் போயிடுவார். சொந்தக்காரங்க வரிசையில நின்னு மேடை ஏறி, மொய்க் கவரைக் குடுத்து, போட்டோவுக்கு நிப்பாங்க. மேடை சத்தமில்லாம இருந்தா நல்லா இருக்காதுன்னு கீபோர்டுக்காரன் மட்டும் உக்காந்து ஏதோ வாசிச்சுக்கிட்டு இருக்கணும். மெதுவா இருக்கணும். போட்டோகிராபர் "பெரியம்மா, கொஞ்சம் உள்ள வாங்க"ன்னா பெரியம்மாவுக்குக் கேக்கணும். பாட்டா இருந்துட்டா ஜனங்க தலையைத் திருப்பிடுவாங்க, போட்டோ கெட்டுடும். அதனால பாட்டாவும் இருக்கக் கூடாது. அப்பிடியே பசியோட, சாம்பார் வாசனையை மோந்துக்கிட்டு, இத்தனை வருஷமா நான் வாசிச்சுக்கிட்டு இருந்த ஒண்ணை ஒரு நாளும் நான் மியூசிக்குன்னு நினைச்சதே இல்ல.

"அது எந்தப் பாட்டுல இருந்து வருது? நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னேன்.

அவ பூண்டைக் கீழே வெச்சா. சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாக்கிற அதே மூஞ்சி. "இன்னொரு வாட்டி வாசி"ன்னா. வாசிச்சேன். கண்ணை மூடிக் கேட்டா, உதட்டை அசைச்சுப் பாத்தா, தலையை ஆட்டினா.

"எதுலயும் இல்ல. கல்யாணமான புதுசுல உன்கூட வந்து கடைசி வரிசையில குந்திகினு இருப்பேனே, அப்பலேர்ந்து கேட்டுகினு கீறேன். பாட்டெல்லாம் ரேடியோவுலயே வருதுய்யா. அதைக் கேக்கவா நான் அங்க வந்தேன்? நீ இதை வாசிக்கிறப்ப கேக்கத்தான் வருவேன். இது உன்னுது."

சொல்லிட்டு அவ பாட்டுக்குப் பூண்டை எடுத்துக்கிட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. பூண்டு உரிச்சா கண்ணு எரியாதுன்னு அவளுக்கும் தெரியும், அதனால நான் சாக்கு எதுவும் சொல்லல.

அப்டேட்டு முடிஞ்சதுமே ரெக்கார்டு பண்ணிடலாம்னு உக்காந்தோம். ஆனா முடிவு? யாராவது கை தூக்கினாத்தானே எனக்கு நிறுத்த வரும்? "நான் தூக்குறேன்"னு அவ குழம்புக் கரண்டியோட வாசப்படியில வந்து நின்னா. நான் வாசிக்கிறேன். வரிசை நகருது, பெரியம்மா வர்றாங்க, சித்தப்பா வர்றார், எல்லாரும் சிரிக்கிறாங்க. அவ கரண்டியைத் தூக்கினா. விரல் தானா இறங்கி, அழகா ஒரு இடத்துல போய் உக்காந்துச்சு. கேக்கறப்ப எனக்கே ஆச்சரியம். என் வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணு முடிஞ்சிருக்கு. தரையில நாலு சொட்டு குழம்பு.

அனுப்புறதுக்கு ஒரு பேரு வேணும்னாங்க. எந்த மாதிரி நேரத்துக்குப் பொருந்தும்னும் சொல்லணுமாம். வீட்டுக்காரி யோசிக்கவே இல்ல, "சாப்ட்டுட்டுப் போங்க"ன்னா. மேல் வீட்டுப் பொண்ணு தலையில கையை வெச்சுக்கிட்டு, "மதினி, அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டா, தின்னாச்சுல்லா, கிளம்புன்னு ஆயிருமே!"ன்னுச்சு. கடைசியில மாலை, மென்மை, குடும்பம்னு அதுவே ஏதோ போட்டு அனுப்புச்சு. எங்க வீட்டுல மட்டும் அதுக்குப் பேரு இன்னிக்கும் சாப்ட்டுட்டுப் போங்கதான்.

எடுத்துக்கிட்டாங்க. ஒரு வரி பதில்தான். அந்தப் பொண்ணு மாடியில இருந்து செருப்புகூடப் போடாம ஓடி வந்து சொல்லுச்சு. நான் சட்டையை மாட்டிக்கிட்டுப் போய் அரைக் கிலோ மைசூர்பாக்கு வாங்கிட்டு வந்து, அந்தத் தெருவுல எனக்குப் புடிக்காதவன் வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் குடுத்தேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இல்ல. அதுக்கப்புறம்தான் பைத்தியமே ஆரம்பம். யாரு எடுத்து எங்க போடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால எங்க போனாலும் பேச்சைக் கேக்காம, பேச்சுக்கு அடியில ஓடறதைக் கேக்க ஆரம்பிச்சேன். டிவியில நாயகி செத்துக்கிட்டு இருப்பா, நான் "கொஞ்சம் சும்மா இரேன்டி"ன்னு அவளைப் பாத்துத் திட்டுவேன். திருமுல்லைவாயில்ல ஒரு பல் டாக்டர் கிட்ட போயிருந்தேன். அங்க டிவியில ஏதோ மனை விளம்பரம். அதுல காதை வெச்சுக்கிட்டு, டாக்டர் வாயைத் திறங்கன்னு சொன்னதைக் கேக்கவே இல்ல. மாசக்கணக்கா ஒண்ணும் வரல. வீட்டுக்காரி மட்டும், "வரும், போட்டோ வரிசைன்னா நின்னுதான் ஆவணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தா.

தை பொறந்துச்சு, கல்யாண சீசன். வானகரம் பக்கத்துல ஒரு பெரிய மஹால்ல ரிசப்ஷன். மேடைக்குப் பின்னாடி சுவரு உயரத்துக்கு எல்.இ.டி. ஸ்கிரீன். பொண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்த வீடியோவைப் போட்டாங்க. ரெண்டு பேரும் கடற்கரையில ஓடுறாங்க, யாரோ குடை புடிக்கிறாங்க, புறா பறக்குது. நான் தண்ணி பாட்டிலைத் திறந்துக்கிட்டு இருந்தேன். என் மூளைக்கு முன்னாடி விரலுக்குத் தெரிஞ்சுடுச்சு. பாட்டில் மேலேயே விரல் நடக்குது. இதென்னடாது? பெரியம்மா வர்றாங்க, சித்தப்பா வர்றார்! அட, சாப்ட்டுட்டுப் போங்க! அவ்ளோ பெரிய ஹால்ல, அத்தனை ஸ்பீக்கர்லயும்!

நான் எந்திரிக்கறதா, உக்கார்றதா, யாரைக் கூப்பிடறதுன்னு தவிச்சுக்கிட்டு இருக்கும்போதே சத்தம் பட்டுனு நின்னுபோச்சு. ஒயர் புடுங்கிக்கிச்சு. ஸ்கிரீன்ல ஜோடி சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருக்கு, ஜனங்க சலசலன்னு ஆயிட்டாங்க. பின்னாடியிருந்து பாய், "மாமே! அந்த டியூனைப் புடி! உட்டுடாத, அப்பிடியே வாசி!"ன்னார்.

புடிக்கிறதா! எனக்கு இருந்த சந்தோஷத்துல புடிச்ச கையோட ரெண்டு சங்கதி, ஒரு குலுக்கல், மேல ஏறி ஒரு சுத்து, எல்லாத்தையும் அள்ளிவிட்டேன். முதுகுல குத்துச்சு ட்ரம்ஸ் குச்சி.

"தப்பு தப்பு! இன்னா வாசிக்கிற நீ? ரெக்கார்டுல இப்பிடியா வந்துச்சு? அது எவ்ளோ அடக்கமாப் போச்சு! அதுல எப்பிடியோ அப்பிடி வாசி!"

"சரி பாய்"னு சொல்லி, ரெக்கார்டுல எப்பிடியோ அப்பிடி வாசிச்சேன். இத்தனை வருஷத்துல பாய்கிட்ட வாங்கின குத்துலயே சுகமான குத்து அதுதான்.

ஒயரைச் சரி பண்றதுக்குள்ள வீடியோ முடிஞ்சுபோச்சு. பாய் முன்னாடி குனிஞ்சு, "நல்லா இருந்துச்சு மாமே அது. எந்தப் படம்?"னு கேட்டார்.

"படம் இல்ல பாய். அது என்னுது. எங்க ஊட்டுல போட்டது."

பாய் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "போய்யா. உன்னுதுன்னா உனுக்கு ஏன்யா தப்பா வருது?"

அதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க, சத்தம் கேக்கல, மொதல்லேர்ந்து திரும்பப் போடுங்கன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. வீடியோ திரும்ப ஆரம்பிச்சுது. நான் வீட்டுக்குப் போனைப் போட்டு, ஒண்ணும் சொல்லாம ஸ்பீக்கர் பக்கமாத் தூக்கிப் புடிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் காதுல வெச்சு, "கேக்குதா?"ன்னேன்.

அந்தப் பக்கம் சமையல்கட்டுல தண்ணிக் குழாய் ஓடற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம். அதுக்கு நடுவுல அவ பாடிக்கிட்டு இருந்தா. வார்த்தை இல்லாததால வெறும் லலலா. ஹால்ல என் டியூன் ரெண்டாவது வரியில இருந்துச்சு, அவ வழக்கம்போல அதுக்கு அடுத்த வரிக்குப் போயிட்டா.

"போனை வை மாமே, இது முடிஞ்சதும் அடுத்த பாட்டு"ன்னு பாய் குச்சியைத் தட்டினார். நான் வைக்கல.